பிரெட் மேக்கர் வாங்கலாமா? இரவல் மெஷினை மதுரை வெயிலில் ஓட்டிப் பார்த்த குறிப்புகள்

எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று பாக்கெட் பிரெட் காலியாகிறது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதி, மாமியார் சாயங்காலம் பாலில் தொட்டுச் சாப்பிடுவதில் மீதி. கவரில் கோதுமை பிரெட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை வாங்கிவந்து பின்பக்கம் திருப்பினால் முதல் பெயராக மைதா நிற்கும். எடை அதிகமான பொருளிலிருந்து குறைவானது வரை என்ற வரிசையில்தான் மூலப்பொருள்களை அச்சிட வேண்டும் என்பது விதி. ஆக முதலில் எது இருக்கிறதோ அதுதான் அந்த பிரெட்டில் அதிகம். பழுப்பு நிறம் சில சமயம் கேரமலிலிருந்து வருகிறது. இதுதான் எனக்கு உறுத்தியது. மாவைப் போட்டால் தானே பிசைந்து, பொங்கவைத்து, வேகவைத்துத் தரும் பிரெட் மேக்கர் வாங்கலாமா என்று யோசிக்க வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மாவு நன்றாக எழும்ப பேக்கரிகள் முன்பு சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட் என்ற வேதிப்பொருள் மீதுள்ள பயத்தால் மெஷின் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2016இல் டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை பிரெட்டுகளைச் சோதித்து புரோமேட், அயோடேட் எச்சம் இருப்பதாகச் சொன்னது, நாடு முழுக்கப் பேசப்பட்டது, அதே ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்துவிட்டது. இன்றைக்கு அந்த ஒரு காரணத்துக்காக ஏழாயிரம் எட்டாயிரம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முழுக் கோதுமையில், நமக்குத் தெரிந்த மாவில், வாரம் முழுக்க ஓடக்கூடிய பிரெட் வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம். நான் யோசித்தது அதைத்தான்.

குன்னூரில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு பிரெட் மேக்கர் சில வருடங்களாக ஓடுகிறது. "வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கொண்டுபோய் கொஞ்ச நாள் ஓட்டிப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்று தூக்கிக் கொடுத்துவிட்டாள். வீட்டு மெஷின் எதையும் இப்படி இரவல் வாங்கி, நம் தண்ணீரிலும் நம் மாவிலும் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் குன்னூரில் அது செய்த வேலை வேறு, மதுரையில் செய்த வேலை வேறு.

முதலில் மெஷின் என்ன என்று பார்த்துவிடலாம். உள்ளே பார்த்தால் ஒன்றுமே இல்லை. அடியில் ஒரு சின்ன மோட்டார், பெல்ட், சுற்றிலும் 550 வாட் ஹீட்டர் கம்பி, நடுவில் ஒட்டாத பூச்சு போட்ட வாளி மாதிரி ஒரு பாத்திரம், அதன் அடியில் மாட்டும் ஒரு துடுப்பு. பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில் மேடுகள் இருக்கின்றன. அவை அழகுக்கு இல்லை. 1980களில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம், இப்போதைய பானசோனிக், வீட்டு மெஷின் செய்ய முயன்றபோது மாவு சரியாகப் பிசையவே வரவில்லை. மேல்பக்கம் கருகும், நடுவில் வேகாது. இகுகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர் ஒசாகாவின் பெரிய ஹோட்டல் ஒன்றில் தலைமை பேக்கரிடம் போய்ப் பழகி, அவர் மாவை வெறுமனே அமுக்காமல் முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கவனித்தார். அந்த முறுக்கி இழுத்தலைக் கொண்டுவரத்தான் துடுப்பின் வேகத்தை மாற்றி, பாத்திரச் சுவரில் மேடுகளையும் வைத்தார்கள். 1987இல் அந்த மெஷின் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் இப்போது கிடைக்கும் மலிவான மாடல்கள் சிலவற்றில் பாத்திரச் சுவர் கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கிறது, அதில் மாவு உருண்டை துடுப்போடு சேர்ந்து சும்மா சுற்றும். கடையில் மூடியைத் திறந்து முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மைதாவில் போட்ட பிரெட் எந்தப் பிரச்சினையும் செய்யவில்லை. 400 கிராம் மைதா, 250 கிராம் தண்ணீர், உப்பு 7 கிராம், சர்க்கரை 15, எண்ணெய் 15, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். தண்ணீர் முதலில், அதன் மேல் மாவு, மாவில் ஒரு குழி பண்ணி ஈஸ்ட், உப்பு ஓரத்தில். மூன்று மணி நேரத்தில் உயரமான, கொஞ்சம் வெளுத்த தலையோடு ஒரு பிரெட். மேல்பக்கம் ஏன் வெளுக்கிறது என்றால் ஹீட்டர் பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது; பக்கங்கள் தடிமனாகச் சிவக்கும், தலை சிவக்காது. அடியில் துடுப்பு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. கடைசியாக ஒரு முறை மாவை அமுக்கிவிட்டு மெஷின் நிற்கும் நேரத்தில் ஈரக் கையால் மாவைத் தூக்கித் துடுப்பை உருவிவிட்டால் ஓட்டை சின்னதாகிவிடும், ஆனால் அந்த நேரத்துக்கு அடுப்படியில் இருக்க வேண்டும்.

மைதா பிரெட்டுக்காக நான் மெஷின் வாங்கப் போவதில்லை, அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டாவுக்கு வந்தேன். நிஜமான வேலை இங்கேதான்.

சப்பாத்தி ஆட்டா கல்லில் அரைத்தது. அரைபடும் சூட்டிலும் அழுத்தத்திலும் மாவுச்சத்து மணிகள் நிறைய உடைந்திருக்கும், அதனால்தான் அது தண்ணீரை அப்படிக் குடிக்கிறது, சப்பாத்தியும் மெத்தென்று வருகிறது. பிரெட்டுக்கு அதே குணம் இடைஞ்சல். உடைந்த மாவுச்சத்தை நொதிகள் சீக்கிரம் சர்க்கரையாக்கும், உள்பக்கம் ஈரமாகப் பிசுபிசுக்கும்; தவிட்டுத் துணுக்குகள் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரத வலையை அங்கங்கே அறுக்கும். மைதாவுக்கு 62 சதவீதம் தண்ணீர் போதும் என்றால் ஆட்டாவுக்கு 75 சதவீதம் வேண்டும், அதாவது 400 கிராமுக்கு 300 கிராம். பார்த்தால் தளதளவென்று இருக்கும், பயந்து மாவு சேர்க்கக் கூடாது, பத்து நிமிடம் பிசைந்த பிறகு இறுகிவரும்.

அக்கா கொடுத்த அளவுத் துண்டுச்சீட்டில் ஈஸ்ட் 5 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர், முழுக்கோதுமை புரோகிராம் என்று இருந்தது. குன்னூரில் ராத்திரி 10, 12 டிகிரிக்குப் போகும் சமையலறைக்கு அது மிகச் சரியான அளவு. மதுரையில் என் சமையலறை மதியம் 33 டிகிரி. மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் அதைவிடச் சூடாக வருகிறது. அந்தச் சீட்டில் இருந்தபடியே போட்ட மாவு புரோகிராம் பாதி வருவதற்குள் மூடியின் கண்ணாடியைத் தொட்டது, வேகத் தொடங்கியதும் நடுவில் பள்ளமாக அமுங்கியது. மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. மெஷினுக்குக் கடிகாரம்தான் தெரியும், மாவு எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. குளிர் நாட்டில் மாவை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் அந்த மெல்லிய சூடுதான் அதன் பெரிய பலம், அதே சூடு இங்கே நமக்குத் தேவையே இல்லாத ஒன்று.

சரி, அப்படியானால் குளிர்த்திப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். பேக்கரிக்காரர்கள் போடும் கணக்கு எளிது. மாவு பிசைந்து முடியும்போது 26 டிகிரி இருக்க வேண்டும் என்றால் அதை மூன்றால் பெருக்கினால் 78, அதிலிருந்து அறைச் சூடு 33, மாவின் சூடு 33 கழித்தால் 12, துடுப்பு உரசும் சூட்டுக்குச் சில டிகிரி கழித்தால் தண்ணீர் 5, 6 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் தண்ணீர், தேவைப்பட்டால் அதில் இரண்டு ஐஸ்கட்டி, ஐஸோடு சேர்த்து எடை போட வேண்டும். ஈஸ்ட்டை 2.5 கிராமாகக் குறைத்தேன். முழுக்கோதுமை புரோகிராமை விட்டுவிட்டேன், ஏனென்றால் இந்த மாடலில் அது முதல் அரை மணி நேரம் பொருள்களை லேசாகச் சூடாக்கி ஊறவைக்கிறது, குளிர்ந்த தண்ணீர் விட்டதன் பலன் அதிலேயே போய்விடும். பதிலாக ஆட்டாவையும் தண்ணீரையும் ஒரு கிண்ணத்தில் கலந்து ஃபிரிட்ஜிலேயே அரை மணி ஊறவைத்து, பிறகு மெஷினில் போட்டு மற்றவற்றைச் சேர்த்துச் சாதாரண புரோகிராமில் விட்டேன். ஊறினால் தவிடு மெத்தென்றாகிறது, பிசையவும் சுலபம்.

இது வேலை செய்தது. மாவு 28 டிகிரியில் நின்றது, தலை அமுங்கவில்லை, உயரம் மைதா பிரெட்டில் முக்கால் பங்கு வந்தது. 20 கிராம் குளூட்டன் பொடி சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் எழும்பியது, ஆனால் மாமியாருக்கு அந்த இழுவை பிடிக்கவில்லை, நானும் அதை நிறுத்திவிட்டேன். உள்ளே வெந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்வதைவிட ஊசி தெர்மாமீட்டர் நம்பகமானது. நடுவில் 95 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் சூடான பிரெட் என்பதுதான் இந்த மெஷினை விற்கச் சொல்லப்படும் முதல் வாக்கியம், அதனால் டைமரைத் தனியாகச் சோதித்தேன். பால், முட்டை போட்டு எட்டு மணி நேரம் நம் ஊர் சூட்டில் வைப்பது சரியில்லை, தண்ணீர் மட்டும்தான். அதுவும் ஃபிரிட்ஜ் தண்ணீர் என்றாலும் நடுராத்திரிக்குள் அறைச் சூட்டுக்கு வந்துவிடும், பிசைய ஆரம்பிக்கும்போது நாம் நினைத்த 5 டிகிரி எங்கே இருக்கும். ஈஸ்ட்டை 2 கிராமுக்குக் குறைத்தால் கோடையிலும் ஒப்பேற்றலாம், மார்கழியில் பிரச்சினையே இராது. இன்னொன்று, வெந்த பிரெட்டைக் குறைந்தது ஒரு மணி நேரம் கம்பித்தட்டில் ஆறவிடாமல் வெட்டினால் உள்ளே களியாக ஒட்டும், ஆக ஏழு மணி டிபன் டப்பாவுக்கு மெஷின் ஐந்தரைக்கே முடிக்க வேண்டும், அந்த நேரத்தில் எழுந்து யாராவது வெளியே எடுத்து வைக்கவும் வேண்டும். எடுக்காமல் விட்டால் மெஷின் ஒரு மணி நேரம் சூடாக வைத்திருக்கும், அந்த ஆவியில் பக்கங்கள் நமுத்துச் சுருங்கும்.

மின்சாரத்தையும் அளந்தேன், பிளக்கில் செருகும் மீட்டர் ஒன்று இருக்கிறது. ஒரு பிரெட்டுக்கு 0.4 யூனிட்டை ஒட்டி வருகிறது. இது நல்ல கணக்கு. என் 1500 வாட் ஓடிஜி, அதாவது மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன், சூடேறுவதையும் சேர்த்து 0.8 யூனிட் பக்கம் எடுக்கிறது. மின்தடை வந்தால் இந்த மெஷின் பத்து நிமிடம் வரை விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும் என்று கையேட்டில் இருக்கிறது, அதற்கு மேல் போனால் முதலிலிருந்துதான். பிசையும்போது இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும், வேகும்போது 550 வாட்டை இழுத்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் உள்ள நாளில் போடாமல் இருந்தால் போதும்.

வீட்டில் பிரெட் செய்கிறவர்கள் யோசிக்காமல் விடும் விஷயம் அது கெட்டுப்போவது. கடை பிரெட்டில் கால்சியம் புரோப்பியோனேட் இருக்கிறது, கவரில் 282 என்ற எண் போட்டிருக்கும். அது பூஞ்சைக்கு மட்டும் இல்லை. மாவில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துக்கள் வேகும் சூட்டையும் தாண்டிப் பிழைத்துக்கொள்ளும், 30 டிகிரிக்கு மேல் ஈரமான பிரெட் கிடைத்தால் பெருகும். வெளியே பார்த்தால் பிரெட் நன்றாக இருக்கும், உள்ளே அழுகிய பழ வாசனை, பிட்டால் சிலந்தி நூல் மாதிரி இழை வரும். அப்படி வந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும், பாத்திரத்தையும் மேடையையும் வினிகரால் துடைக்க வேண்டும். வராமல் இருக்க மாவிலேயே கொஞ்சம் புளிப்பு வேண்டும்: 400 கிராம் ஆட்டாவுக்கு ஒரு தேக்கரண்டி வினிகர், அல்லது தண்ணீரில் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் நன்றாகப் புளித்த தயிர். தயிர் போட்டது எனக்கு ருசியிலும் பிடித்தது. ஆறியதும் வெட்டி, அன்றைக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மீதியை ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கக் கூடாது, அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி பிரெட் வறண்டுபோகும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த துண்டைத் தோசைக்கல்லில் நேராகப் போடலாம்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மெஷினின் மாவு மட்டும் பிசையும் புரோகிராமில் போட்டு, பிசைந்ததும் வெளியே எடுத்து, தகர டின்னில் வைத்துச் சமையலறைச் சூட்டிலேயே பொங்கவிட்டு, ஓடிஜியில் 190 டிகிரியில் 35 நிமிடம் வேகவைத்தேன். இதுவரை வந்ததில் மிக நல்ல ஆட்டா பிரெட் அதுதான். தலை சிவந்தது, அடியில் ஓட்டை இல்லை, டோஸ்டரில் நுழையும் அளவில் துண்டு வந்தது. டின்னின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் அகலம் வந்ததும் நானே பார்த்து உள்ளே வைக்கலாம், கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஆக எங்கள் வீட்டில் இந்த மெஷினிடம் எனக்குத் தேவைப்பட்டது பிசைதல் மட்டும்.

பிசைவதற்குத்தான் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே. கோயம்புத்தூரில் செய்த இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர், அதோடு வந்த மாவு பிசையும் இணைப்பு, வாங்கியதிலிருந்து அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. கல்லை எடுத்துவிட்டு அதை மாட்டி, அதே அளவில் போட்டேன். நேர்மையாகச் சொன்னால் பிரெட் மேக்கர் அளவுக்கு இது பிசையாது. தளர்ந்த மாவு டிரம்மில் ஒட்டிக்கொண்டு அதோடு சுற்றும், இழுபடாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது: தண்ணீரில் முதலில் 240 கிராம் மட்டும் விட்டுச் சப்பாத்தி மாவைவிடச் சற்றே தளர்வாகப் பிசையவிட வேண்டும், எட்டு நிமிடம் கழித்து மீதி 60 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இறுக்கமாக இருக்கும்போதே வலை பின்னிவிடுவதால் பிறகு விடும் தண்ணீரை மாவு தாங்கிக்கொள்கிறது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி ஈரக் கையால் மடித்துவிடுகிறேன். மொத்தம் கால் மணி நேரம். ஒரு துணுக்கை எடுத்து விரலால் விரித்தால் கிழியாமல் மெல்லிய தோலாக விரிய வேண்டும். ஆட்டாவில் மைதா அளவுக்கு விரியாது, தவிடு தெரியும், கொஞ்சம் விரிந்தாலே போதும். இந்த மாவில் வந்த பிரெட்டும் மெஷினில் பிசைந்து ஓடிஜியில் வெந்த பிரெட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உயரத்தில் அரை விரல் வித்தியாசம், சாப்பிட்டால் வித்தியாசமே இல்லை. இரண்டு பிரெட்டுக்கு ஒரே தடவையில் பிசையலாம், ஓடிஜியிலும் இரண்டு டின் ஒன்றாகப் போகும், அப்போது கரண்ட் கணக்கும் மெஷினுக்குச் சமமாகிவிடுகிறது.

பணக் கணக்கு இப்படி. எங்கள் கடை விலையில் 400 கிராம் ஆட்டா 24 ரூபாய், ஈஸ்ட், எண்ணெய், சர்க்கரை, உப்பு, தயிர் எல்லாம் சேர்த்துப் பத்துக்குள், கரண்ட் மூன்று. 40 ரூபாய்க்குள் சுமார் 650 கிராம் பிரெட். வாரத்துக்கு இரண்டு போட்டால் கடையில் வாங்கும் மூன்று பாக்கெட்டுக்கு ஈடு, மிச்சமாவது 80 ரூபாய் பக்கம். மெஷின் ஏழாயிரம் என்றால் அது திரும்ப வர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பாத்திரத்தின் பூச்சு உரியாமல் இருக்க வேண்டும்.

நாங்கள் வாங்கவில்லை. வேண்டாத பொருள் என்பதால் இல்லை. கிரைண்டரும் ஓடிஜியும் ஏற்கெனவே இருக்கும் வீடு, சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வீட்டில் இருக்கிற ஆள், வருடத்தில் பாதி நாள் தானாகவே மாவைப் பொங்கவைக்கும் ஊர், இந்த மூன்றும் எங்களுக்கு இருக்கிறது. அக்காவிடம் ஓடிஜி இல்லை, குளிரில் மாவு பொங்கப் பாதி நாள் ஆகும், அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது பிரெட் தயாராக இருக்க வேண்டும். அவளுக்கு இதைவிட நல்ல மெஷின் கிடையாது. கொடைக்கானல், ஏற்காடு, பெங்களூர் பக்கம் இருப்பவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள், ஓடிஜி, கிரைண்டர் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரு ஓடிஜியின் விலைக்கே பிசைவதும் வேகவைப்பதும் சேர்ந்து கிடைக்கிறது.

வாங்குவதானால் பாத்திரச் சுவரில் மேடு இருக்கிறதா என்று பாருங்கள், பிசைவதை மட்டும் தனியாகவும் வேகவைப்பதை மட்டும் தனியாகவும் ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள், நம் ஊர் சூட்டுக்கு அது மிக முக்கியம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவதானால் 110 வோல்ட் மாடலாக இருக்கலாம், மெஷினில் வோல்ட் அச்சிட்டிருக்கும் தகட்டைப் படியுங்கள். பழையது வாங்கினால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் தாளின் மேல் வையுங்கள். துடுப்புத் தண்டின் சீல் போயிருந்தால் தாள் நனைந்துவிடும். புதிது என்றால் பில் போடுவதற்கு முன்பே கடைக்காரரிடம் தனிப் பாத்திரமும் துடுப்பும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். முதலில் தேய்வது அவை இரண்டும்தான், அவை கிடைக்காத மாடலை விலை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.